ரவைக்கோதின் முகவரி

இரும்பாணி கிடைத்தால் மெட்டல் டிடெக்டர் முனகும். பித்தளை என்றால் மணி அடித்தாற்போல் கணீரென்று கூவும். கோதுமை அறுத்து அடித்தாள் மட்டும் நின்ற ஒரு வயலில், ஒரு செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமை, அப்படிக் கூவியது. இங்கிலாந்தில் கென்ட் பகுதி. பிக்கின் ஹில் விமானத்தளத்துக்குத் தெற்கே. வயல்காரரிடம் அனுமதி வாங்கி நானும் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவரும் அங்கே போய்வந்துகொண்டிருந்தோம். ஒரு சாண் ஆழம்கூட இல்லை. மண்கட்டியை உடைத்ததும் பச்சைக் களிம்பேறிய ஒரு குழாய் வந்தது. விரல் நீளம். வாயில் மண் அடைத்திருந்தது.

பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டு என்று நான் நினைத்தேன். அண்ணா அதைக் கையில் வாங்கக்கூட இல்லை. "ரவைக்கோது தம்பி. அடிப்பக்கத்தைத் துடைச்சுப் பாருங்கோ, எழுத்து இருக்கும்" என்றார். பிறகு மெதுவாக, "சின்னனில நாங்கள் போத்தல் போத்தலாப் பொறுக்கி வச்சிருந்தனாங்கள்." தோட்டா உறை என்றுதான் நான் சொல்லியிருப்பேன். அன்றிலிருந்து எனக்கும் அது ரவைக்கோது.

அடியின் நடுவில் ஊசி குத்திய குழி இருந்தது. சுட்டு முடித்த வெறும் கோது, பயமில்லை. குழி இல்லாமல், தலையில் குண்டோடு ஒன்று அகப்பட்டால் தொடாமல் விலகி நின்று போலீஸைக் கூப்பிட வேண்டும். இதில் அண்ணா கறார்.

வீட்டுக்கு வந்து வெர்னியரால் அளந்தேன். நீளம் 56 மில்லிமீட்டர். அடிவிளிம்பு உடலைவிட அகலமாகத் துருத்திக்கொண்டிருந்தது, குறுக்களவு 13.7. இந்த விளிம்புதான் முதல் சாட்சி. ஜெர்மானிய மவுசர் கோதும் 57 மில்லிமீட்டர்தான், ஆனால் அதன் விளிம்பு துருத்தாது. உடலைச் சுற்றி ஒரு பள்ளம் மட்டும் ஓடும். அமெரிக்க ரைபிள் கோது 63. ஆக, இது பிரிட்டனின் 303. நம் ஊர்ப் போலீஸ்காரர் தோளில் பல காலம் தொங்கிய அதே த்ரீ நாட் த்ரீ.

எழுத்துதான் என்னை அலைக்கழித்தது. முதல் நாள் கண்ணில் பட்டது ‘பி’ என்ற ஆங்கில எழுத்தும், அதற்குப் பக்கத்தில் ரோமன் எண்ணில் ஆறும் மட்டும். படித்துப் பார்த்ததில், 303 குண்டின் ஆறாம் மாதிரி 1904இல் வந்தது, 1910இல் ஏழாம் மாதிரி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று தெரிந்தது. ‘பி’ என்றால் பர்மிங்ஹாம் ஆலை என்று வைத்துக்கொண்டேன். முதல் உலகப் போருக்கும் முந்தைய கோது! இரண்டு வாரம் அந்த நினைப்பிலேயே சந்தோஷமாக இருந்தேன்.

கம்பி பிரஷ் போட்டால் எழுத்தே போய்விடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, பல்குத்தும் குச்சியால் அழுக்கை நெம்பி எடுத்தேன். ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது, நிழல் விழுந்து மிச்சம் எழுந்து வந்தது. ஆர், எல், இரண்டுக்கும் நடுவே ஓர் அம்புக்குறி. எதிர்ப்புறம் 1940.

அம்புக்குறி பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கான முத்திரை. ஆர், எல் என்பது தேம்ஸ் கரையில் வுல்லிச் ஆயுதச்சாலைக்குள் இருந்த ராயல் லெபாரட்டரி. என் வயலிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள். அப்படியானால் ஆலையின் பெயர் ‘பி’ இல்லை. 1910இல் ஓய்வுபெற்ற மாதிரியை 1940இல் யார் செய்வார்கள்?

கணக்கு உதைத்த இடத்தில்தான் விடை இருந்தது. சாதாரணக் குண்டுக்கு மாதிரி எண் மட்டும் போடுவார்கள். சிறப்புக் குண்டுக்கு எண்ணின் முன்னால் ஓர் எழுத்து சேரும்: கவசம் துளைப்பதற்கு டபிள்யூ, ஒளிக்கோடு விடுவதற்கு ஜி, தீ மூட்டுவதற்கு பி. என் கையில் இருந்தது தீக்குண்டின் ஆறாம் மாதிரி. விமானிகள் அதை ‘டி வில்டி’ என்பார்கள். டி வில்டி என்ற பெல்ஜியக்காரரின் வடிவத்தை அரசு வாங்கியது. அதைப் பெருமளவில் செய்ய முடியாமல் போகவே, டிக்சன் என்ற ராணுவ அதிகாரி வுல்லிச்சில் புதிதாக வடிவமைத்தார். பெயர் மட்டும் பழையதே நிலைத்தது. பழைய தீக்குண்டு புகைக்கோடு இழுத்துக்கொண்டு போகும். இது புகைத்தடம் இல்லாமல் போய், பட்ட இடத்தில் பளிச்சென்று வெடிக்கும். குறி தப்பவில்லை என்று விமானி அந்தக் கணமே தெரிந்துகொள்வார். ஒரு போர்விமானத்தின் எட்டுத் துப்பாக்கிக்கும் நிரப்ப 1940இல் அது போதவில்லை.

இது காலாட்படைக் குண்டு அல்ல. அப்படியென்றால் என் கோது மேலேயிருந்து விழுந்தது.

மறுபடி வயலுக்குப் போனோம். முதல் கோது கிடைத்த இடத்திலிருந்து ஒரே வரிசையாக இன்னும் ஐந்து கோதுகள் கிடைத்தன, கூடவே துருப்பிடித்து ஒட்டிப்போன எஃகுக் கண்ணிகள். குண்டுகளைச் சரமாகக் கோக்கும் கண்ணி அது; ஒவ்வொரு குண்டும் சுடப்பட்டதும் தனியாகக் கழன்று விழும். முதல் உலகப் போரில் இந்த யோசனையைத் தந்தவர் வேமத் என்ற ஊரில் பல் வைத்தியராக இருந்த பிரிடோ. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் இரண்டிலும் இறக்கைக்கு அடியில் துளைகள் உண்டு. கோதும் கண்ணியும் அதன் வழியே கொட்டும். எட்டுத் துப்பாக்கியும் சேர்ந்து நொடிக்கு ஏறத்தாழ 150. பதினைந்து நொடி போல விசையை அழுத்தினால் எல்லாம் தீர்ந்துவிடும். (விமானத்தின் துண்டு ஏதாவது வந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்போம். நொறுங்கிய ராணுவ விமானம் கிடக்கும் இடத்தை உரிமம் இல்லாமல் தோண்ட 1986இன் சட்டம் விடாது. விடக்கூடாது என்பதுதான் என் எண்ணமும். உள்ளே ஆள் இருக்கலாம்.)

கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில், ஜெர்மானியரோடு வானில் மோதிய விமானிகளின் சண்டை அறிக்கைகள் இருக்கின்றன. தரையிறங்கிய சூட்டோடு எழுதியவை. எத்தனை குண்டு சுட்டோம் என்பது வரை குறித்திருக்கிறார்கள். 1940 ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் பிக்கின் ஹில்லில் இருந்து பறந்தவற்றில் 79ஆம் படைப்பிரிவும் ஒன்று என்று பார்த்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதன் முழுப்பெயர் ‘79 மெட்ராஸ் பிரசிடென்சி’. சென்னை மாகாணம் போருக்குத் திரட்டிக்கொடுத்த பணத்துக்கு நன்றியாகச் சூட்டிய பெயர். என் கோது அவர்களுடையதாக இருக்கவேண்டும் என்று மனம் எவ்வளவோ ஆசைப்பட்டது. ஆனால் அதே வானத்தில் பல படைப்பிரிவுகள் சுட்டன. கோதில் வுல்லிச்சின் முத்திரைதான் இருக்கிறது, பறந்தவரின் பெயர் இல்லை. அந்த வுல்லிச்சின் மேலும் 1940 செப்டம்பர் 7 அன்று ஜெர்மானியக் குண்டு விழுந்தது.

ஆறில் இரண்டை வயல்காரருக்குக் கொடுத்தேன். அண்ணாவிடமும் ஒன்றை நீட்டினேன். வேண்டாம் என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். வாங்கி, உள்ளங்கையில் உருட்டி, வாய்க்குள் மண் இல்லையே என்று வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு கீழுதட்டில் வைத்து, விளிம்புக்குக் குறுக்கே ஊதினார். வயல் முழுக்கக் கேட்கும்படி விசில் எழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த வயல்காரரின் நாய் எழுந்து எங்களை நோக்கி ஓடிவந்தது.