மத்தூரும் காவிரி நீரும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை செல்லும் பெருவழியில் இருக்கிறது மத்தூர். அங்கே நாங்கள் கண்டவை மாந்தோப்புகளும், அப்பால் பாறைக் குன்றுகளும். கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆனால் இவ்வட்டாரத்துப் பாறைகளிலிருந்தே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கரைகிறது. அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் மிகுந்தால் குழந்தைகளின் பற்கள் கறைபடும்; நாளடைவில் எலும்பும் வளையும். நீரைக் காய்ச்சினாலும் அது நீங்காது.

இத்துன்பத்தைத் தீர்க்கவே ஜப்பானின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எழுந்தது. 2013-ல் தொடங்கிவைக்கப்பெற்ற அத்திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரியைக் கொண்டுவந்தது.

காவிரி வந்தால் மட்டும் போதுமா? தொட்டியைக் கழுவுவதும், உடைந்த குழாயைச் செப்பனிடுவதும், கடைசித் தெருவுக்கும் நீர் எட்டுகிறதா என்று பார்ப்பதும் கிராம ஊராட்சியின் கடமை. அவ்வூராட்சிகளோ 2016 முதல் மூன்றாண்டுகளுக்கு மேல் தனி அலுவலரிடம் இருந்தன. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும், மீண்டும் தனி அலுவலரே வந்தார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் ஒன்றியம் முழுவதையும் கவனிக்கும் அதிகாரியைக் கடைசித் தெருக் கிழவி எங்கே தேடிப் பிடிப்பாள்? உள்ளூர்த் தலைவராயின், வீட்டுத் திண்ணைக்கே சென்று காலிக் குடத்தைக் காட்டுவாள். அடுத்த தேர்தலை எண்ணியாவது அவர் எழுந்து வருவார்.

ஆகவே, உரிய காலத்தில் ஊராட்சித் தேர்தல் நடப்பதும் குடிநீரைப் போலவே கிராமத்தின் இன்றியமையாத தேவை என்போம்.