இரண்டு திராக்மா

பண்டைய ஏதென்ஸ் நகரத்தைப் பராமரிக்கப் பத்து அதிகாரிகள் இருந்தார்கள். ஐந்து பேர் நகரத்துக்கு, ஐந்து பேர் பிரேயஸ் துறைமுகத்துக்கு. கட்டடங்கள் தெருவை மறிக்காமல் பார்ப்பது, சாணக் குப்பையை மதிலுக்கு அருகே கொட்டவிடாமல் தடுப்பது, தெருவில் இறந்து கிடப்பவர்களின் உடல்களை அப்புறப்படுத்துவது ஆகியவை அவர்களுடைய பொறுப்புகள். அதே பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. குழல் ஊதும் பெண்களும் யாழ் மீட்டும் பெண்களும் இரண்டு திராக்மாவுக்கு மேல் கூலி வாங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே பெண்ணைப் பலர் கேட்டால் சீட்டுக் குலுக்கிப் போட்டு, சீட்டு விழுந்தவரோடு அவளை அனுப்ப வேண்டும்.

அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் 'ஏதென்ஸின் அரசமைப்பு' என்ற நூலில் இது இருக்கிறது. எகிப்திலிருந்து கிடைத்த பாப்பிரஸ் சுருள்களிலிருந்து 1891இல் அச்சேறிய நூல். நான் அதை இசை வரலாற்றுக்காகத் தேடிப் படிக்கவில்லை. எங்கள் துறையில் ஒப்பிலக்கியத் தாள் நடத்துகிறேன். க. கைலாசபதி தமிழ் வீரநிலைக் கவிதையைக் கிரேக்க வீரநிலைக் கவிதையோடு ஒப்பிட்டு எழுதிய ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது. அதன் வழியாகத்தான் என் போன்ற தமிழ் மாணவிகள் பலர் கிரேக்கத்துக்குள் நுழைந்தோம். பாணர்களுக்கு அந்தப் பக்கத்தில் ஹோமர் கிடைத்தார். விறலியருக்கு இணையாக அங்கே யார் இருந்தார்கள் என்று தேடிப்போனபோதுதான் இந்தக் கூலி விதி என் கண்ணில் பட்டது.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "அந்தப் பொண்ணுங்க என்னம்மா வாசிச்சாங்க?" நல்ல கேள்வி. அவர்கள் வாசித்த எந்த மெட்டையும் யாரும் எழுதிவைக்கவில்லை. அவர்களுக்கான உச்சக் கூலியை மட்டும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அவர்கள் ஊதிய கருவியின் பெயர் அவுலோஸ். புல்லாங்குழல் என்று மொழிபெயர்த்தால் அதன் ஓசையே மாறிவிடும். நம் நாயனத்தில் சீவாளி வைத்து ஊதுவதுபோல அதிலும் நாணல் சீவாளி உண்டு. ஒன்றல்ல, இரண்டு குழல்களை ஒரே நேரத்தில் வாயில் வைத்து, கைக்கு ஒன்றாகப் பிடித்து ஊத வேண்டும். கன்னம் உப்பும், மூச்சு முட்டும். கன்னத்தைத் தாங்க முகத்தைச் சுற்றித் தோல் வார் கட்டிக்கொள்வதும் உண்டு. இதைக் கையில் எடுத்த அதீனா தேவி, முகம் கோணலாவதைப் பார்த்துத் தூக்கி எறிந்துவிட்டாள் என்று ஒரு கதை. அரிஸ்டாட்டில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, அறிவுக்கு இந்த வாத்தியம் எதையும் தராது என்பதே அவள் எறிந்ததற்குச் சரியான காரணமாக இருக்கும் என்கிறார். தேவி எறிந்ததை விருந்து வீடுகளில் கூலிப் பெண்களும் அடிமைப் பெண்களும் ஊதினார்கள்.

பிளேட்டோவின் 'சிம்போசியம்' அப்படி ஒரு விருந்தில்தான் தொடங்குகிறது. ஆண்கள் சாய்ந்து அமர்ந்து காதலைப் பற்றிப் பேசப்போகிறார்கள். அதற்கு முன் ஒருவர் சொல்கிறார்: இப்போது உள்ளே வந்த குழல்காரியை அனுப்பிவிடுவோம், அவள் தனக்குத்தானே ஊதிக்கொள்ளட்டும், விருப்பமென்றால் உள்ளே இருக்கும் பெண்களுக்கு ஊதட்டும். அவள் போய்விடுகிறாள். அதன் பிறகுதான் மேற்கத்தியத் தத்துவத்தின் புகழ்பெற்ற உரையாடல் தொடங்குகிறது. அதில் மிக உயர்ந்த கருத்தைச் சொன்னதாகக் காட்டப்படுபவள் தியோத்திமா என்னும் பெண். ஆனால் அவளும் அந்த அறையில் இல்லை. அவள் சொன்னதைச் சாக்ரட்டீஸ் சொல்கிறார். நான் ஒவ்வொரு முறை இதைப் படிக்கும்போதும் என் மனம் உள்ளறைக்குப் போய்விடுகிறது. அங்கே அவள் ஊதினாளா? வீட்டுப் பெண்கள் கேட்டார்களா? கேட்டுவிட்டு என்ன பேசிக்கொண்டார்கள்? பிளேட்டோவின் எழுத்து அந்தக் கதவைத் தாண்டிப் போகவில்லை.

'குடியரசு' நூலில் பிளேட்டோ இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார். நல்ல நகரத்தில் எந்தப் பண்கள் இருக்கலாம் என்று பட்டியல் போடுகிறார். தோரியப் பண்ணும் பிரிகியப் பண்ணும் இருக்கலாம். அழுகைச் சாயல் கொண்ட பண்கள் வேண்டாம். ஒழுக்கமாக இருக்க வேண்டிய பெண்களுக்கே அவை உதவாது, ஆண்களுக்கு எதற்கு என்கிறார். புலம்பலை வீரர்களிடமிருந்து எடுத்துப் பெண்களிடம் கொடுத்துவிடச் சொல்கிறார், அதிலும் மதிப்பு மிக்க பெண்களிடம் அல்ல.

இந்த இடத்தில் எனக்கு என் அப்பத்தா நினைவுக்கு வருவாள். சாவு வீட்டில் அவள் ஒப்பாரி வைத்தால் தெருவே நின்று கேட்கும். மற்ற நாட்களில் அவள் வாய் திறந்து பாடி நான் கேட்டதில்லை. தாத்தா திண்ணையில் இருந்தால் வீட்டுக்குள் யாரும் ஒரு வரியை முணுமுணுக்கக்கூட மாட்டார்கள். புலம்பல் பெண்களின் சொத்து என்று அவளுக்கு யாரும் பிளேட்டோவைப் படித்துக்காட்டவில்லை. ஆனாலும் எந்த இடத்தில் பாடலாம், எந்த இடத்தில் கூடாது என்பது அவளுக்கு மிகச் சரியாகத் தெரிந்திருந்தது.

கிரேக்கத்தில் பெண்ணின் குரலுக்கு வேறு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிளேட்டோவுக்கு இரு நூற்றாண்டுகள் முன்பே லெஸ்போஸ் தீவில் சாஃபோ பாடியிருக்கிறார். அவர் எழுதியவை யாழோடு பாடப்பட்ட பாடல்கள். அலெக்சாந்திரியாவின் அறிஞர்கள் அவற்றைப் பல சுருள்களாகத் தொகுத்தார்கள். இன்று முழுமையாக மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பாடல். மற்றவை கிழிசல்கள். மெட்டு எதுவும் மிஞ்சவில்லை.

கிரேக்க இசை அறிவு இடைக்காலக் கிறிஸ்தவ ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த பெரிய பாலம் போயித்தியஸ். ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் லத்தீனில் எழுதிய இசை நூல் பல நூற்றாண்டுகளுக்கு மடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் பாடநூலாக இருந்தது. அதன் தொடக்கத்திலேயே ஒரு கதை வருகிறது. தவோர்மினா ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞன் குடித்திருக்கிறான். பிரிகியப் பண் அவனை வெறியேற்றிவிட்டது. அவன் விரும்பிய பரத்தை ஒருத்தி அவனுடைய போட்டியாளன் வீட்டில் அடைபட்டிருக்கிறாள். அந்த வீட்டுக்கே தீ வைக்கப் புறப்படுகிறான். பித்தாகரஸ் பண்ணை மாற்றி வாசிக்கச் சொல்கிறார். இளைஞன் அமைதியாகிவிடுகிறான்.

இசைக்கு மனதை மாற்றும் ஆற்றல் உண்டு என்பதற்குச் சான்றாக இந்தக் கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டது. பூட்டிய வீட்டுக்குள் இருந்த அவளைப் பற்றி யாரும் அடுத்த கேள்வி கேட்கவில்லை. எரியாமல் தப்பினாள், சரி. கதவு திறந்ததா?

அதே நூலில் போயித்தியஸ் இன்னொன்றும் சொல்கிறார். இசையைக் கருவியில் வாசிப்பவர்கள் அடிமைகளைப் போன்றவர்கள், அவர்களுக்கு அறிவின் பங்கு இல்லை. இசையை அறிவால் எடைபோடுபவர்தான் உண்மையான இசைவாணர். மூச்சு முட்ட ஊதுபவள் வேலைக்காரி. சாய்ந்து அமர்ந்து கேட்டு மதிப்பிடுபவர் அறிஞர். ஏதென்ஸின் விருந்து அறை அப்படியே பாடநூலுக்குள் இடம்பெயர்ந்துவிட்டது.

திருச்சபைக்குத் தன் சொந்தத் தடையும் இருந்தது. சபைக்கூட்டங்களில் பெண்கள் பேசாமலிருக்க வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் கடிதத்தில் ஓர் இடம் உண்டு. அதைப் பாடலுக்கும் நீட்டிப் பொருள் கொண்டவர்கள் இருந்தார்கள். கொள்ளாதவர்களும் இருந்தார்கள். நான்காம் நூற்றாண்டில் சிரியக் கவிஞர் எஃப்ரேம் பெண்களைக் கொண்டே பாடற்குழு அமைத்துத் தன் பாடல்களைக் கற்றுக்கொடுத்தார். பின்னால் வந்த செருகு ஊர் யாக்கோபு அதற்காகவே அவரைப் போற்றி எழுதியிருக்கிறார். ஒன்பதாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளில் துறவி காசியா இயற்றிய பாடலைக் கிழக்குத் திருச்சபை இன்றும் புனித வாரத்தில் பாடுகிறது. மேற்கில் பேராலயங்களின் பாடற்குழு குருமார்களுக்கும் சிறுவர்களுக்கும் உரியதானது. பதினோராம் நூற்றாண்டில் அரெஸ்ஸோவின் குய்டோ கோடுகள் போட்டு சுரங்களை எழுதும் முறையை வகுத்தது அத்தகைய பாடகர்களுக்காகத்தான். பெண்கள் வழிபாட்டில் பாட வேண்டுமென்றால் அவர்களுக்கு இருந்த இடம் கன்னியர் மடம்.

அப்படியொரு மடத்திலிருந்து வந்தவர் ஹில்டெகார்ட். 1098இல் பிறந்த ஜெர்மானியத் துறவி. 1150 வாக்கில் பிங்கன் ஊருக்கு அருகே ரூபர்ட்ஸ்பெர்கில் தன் சகோதரிகளோடு தனி மடம் அமைத்தார். எழுபதுக்கு மேற்பட்ட பாடல்களை இயற்றினார். அவை கீழிருந்து மேலே சட்டென்று தாவும், நெடுநேரம் இறங்காது. அவர் எழுதிய 'ஓர்தோ விர்த்துதும்' என்னும் இசை நாடகத்தில் நற்பண்புகள் எல்லாம் பெண்களாக வந்து பாடுகின்றன. சாத்தானுக்கு மட்டும் பாட்டு கிடையாது. அவன் கத்த மட்டுமே முடியும்.

1178இல், அவருடைய எண்பதாவது வயதில், மடத்துக் கல்லறையில் ஒரு பிரபுவை அடக்கம் செய்தார்கள். அவர் ஒரு காலத்தில் சபையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டவர். உடலைத் தோண்டி வெளியே எறியுங்கள் என்று மைன்ஸ் மறைமாவட்ட அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். இறப்பதற்கு முன் அவர் மன்னிப்புப் பெற்றுவிட்டார், தோண்ட மாட்டேன் என்றார் ஹில்டெகார்ட். தண்டனை வந்தது. மடத்தில் திருப்பலி கூடாது. வழிபாட்டைப் பாடக் கூடாது, கதவை மூடிக்கொண்டு தணிந்த குரலில் வாசிக்கலாம்.

ஒரு நாளில் எட்டு வேளை கூடிப் பாடுவதே வாழ்க்கையாக இருந்த பெண்களிடமிருந்து பாட்டைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஹில்டெகார்ட் கீழ்ப்படிந்தார், கூடவே நீண்ட கடிதமும் எழுதினார். ஆதாமின் குரல் முதலில் வானதூதர்களின் இசையோடு சேர்ந்திருந்தது, மனிதர் பாடும்போது அந்த இழந்த குரல் நினைவுக்கு வருகிறது, சாத்தானுக்கு அது பொறுக்காது என்று விளக்கினார். தக்க காரணமின்றி இறைப்புகழ்ச்சியின் வாயை அடைப்பவர்கள் விண்ணகப் பாடற்குழுவில் இடம் இழப்பார்கள் என்று எச்சரித்தார். இந்தக் காலம் பெண்ணைப் போல வலுவிழந்த காலம் என்று தன் காலத்தின் சொல்லிலேயே திட்டிவிட்டு, அடுத்த மூச்சில் இறை நீதியின் வலிமையைப் போர்க்களத்தில் நிற்கும் பெண்ணாகக் காட்டினார். 1179 மார்ச்சில் தடை நீங்கியது. செப்டம்பர் 17ஆம் நாள் அவர் இறந்தார். மிஞ்சிய ஆறு மாதமும் அந்த மடத்தில் பாட்டு இருந்தது.

இங்கே முடித்திருந்தால் என் மாணவிகளுக்கு ஒரு வீரநாயகி கிடைத்திருப்பார். ஆனால் இன்னொரு கடிதத்தையும் வகுப்பில் படிக்கிறேன். ஆண்டர்நாக் மடத்தின் தலைவி டெங்ஸ்விக் ஹில்டெகார்டிடம் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் மடத்தில் ஏன் உயர்குடிப் பெண்களை மட்டும் சேர்க்கிறீர்கள்? ஆண்டவர் மீனவர்களையும் ஏழைகளையும் அல்லவா தேர்ந்தெடுத்தார்? ஹில்டெகார்ட் பதில் எழுதினார்: மாடு, கழுதை, செம்மறியாடு, வெள்ளாடு எல்லாவற்றையும் ஒரே தொழுவத்தில் யார் அடைப்பார்கள்?

முதல்முறை இந்தப் பதிலைப் படித்தபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. யாரும் விளக்கம் கேட்கவில்லை. எங்கள் மாணவிகளில் பெரும்பாலோர் அந்தத் தொழுவத்தை வெளியிலிருந்து பார்த்த வீடுகளிலிருந்து வருகிறவர்கள். கடைசியில் ஒருத்தி சொன்னாள்: "அப்போ அந்தக் குழல் ஊதுன பொண்ணு வந்திருந்தா, கதவைத் திறந்திருக்க மாட்டாங்க, இல்லம்மா?"

திறந்திருக்க மாட்டார்கள். அவருடைய பாடல்களை அதன் பிறகும் கேட்கிறேன். 1980களில் ஒலிப்பதிவுகள் வரத் தொடங்கி, 2012இல் ரோமாபுரி அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்துவிட்டது. இன்று அவர் உலகம் முழுக்கப் பாடப்படுகிறார். அந்தக் குரலின் உயரம் உண்மை. அவர் மடத்தின் வாசல் குறுகலாக இருந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்துக் கேட்கத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இசை வரலாற்றில் பெண்கள் எங்கே என்று ஆய்வுக்கு வரும் மாணவிகள் கேட்டால், விதிப் புத்தகங்களைப் படியுங்கள் என்கிறேன். கூலிக்கு உச்சவரம்பு போட்டிருக்கிறார்களா? அந்த ஊரில் பெண்கள் நிறைய வாசித்திருக்கிறார்கள், அதிகக் கூலியும் கேட்டிருக்கிறார்கள். பாடாதே என்று உத்தரவு வந்திருக்கிறதா? அதற்கு முந்தைய நாள்வரை பாடியிருக்கிறார்கள். எழுதிய கை அவர்களை மறைக்க நினைத்திருக்கலாம். அவர்கள் அங்கே இருந்ததற்கு அதுவே சாட்சி சொல்கிறது. சாட்சி கிடைத்த பிறகு அடுத்த கேள்வியையும் விட்டுவிடக் கூடாது: அந்தக் கதவுக்கு உள்ளே யார் இருந்தார்கள், வெளியே யாரை நிறுத்தினார்கள்?