கடைசியில் ஒரு பெயர்

வருஷம் பூராவும் ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் பீச் வண்டிக்குத்தான் நிற்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எதிர்ப் பக்கம் நின்றேன். செங்கல்பட்டு வண்டியில் ஜன்னலோர ஸீட் கிடைத்ததே முதல் அதிசயம்.

காரணம் கோபம். இரண்டு வாரம் கண்விழித்து நான் தயாரித்த ரிப்போர்ட் மேலே போயிற்று. முதல் பக்கத்தில் மானேஜர் பெயர், அவருக்கும் மானேஜர் பெயர், அவருக்கும் மேலே ஒருத்தர். என் பெயர் ஸ்டேப்ளர் பின்னுக்கு அடியில்கூட இல்லை. அப்போதுதான் எப்போதோ படித்த வல்லம் கல்வெட்டு ஞாபகத்துக்கு வந்தது.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் ரோட்டில் சுமார் 3 கிலோமீட்டர். "இன்டர்வியூவா சார்? கம்பெனிங்க இருக்கிற வல்லம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம். இங்க மலையும் கோயிலும்தான்" என்று எச்சரித்தார் ஆட்டோக்காரர். மலைதான் வேண்டும் என்றேன். ஒருமாதிரி பார்த்தார்.

சின்னக் குன்று. பாறையைக் குடைந்த சின்னக் கோயில். உள்ளே லிங்கம். மகேந்திரவர்ம பல்லவன் காலம், அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். தூணில் பழைய தமிழ் எழுத்து; எனக்குச் சத்தியமாகப் படிக்க வரவில்லை. ஹூல்ட்ஷ் என்ற ஜெர்மன்காரர் படித்து 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் அச்சேற்றிவிட்டதால் பிழைத்தேன்.

விஷயம் ஒரே வாக்கியம். பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன்... இத்தனையும் ராஜாவின் பட்டங்கள். பகாப்பிடுகு என்றால் பிளக்க முடியாத இடி! மூச்சு வாங்கிக்கொண்டு மகேந்திரன் பெயர். அப்புறம் அவன் அடியானான வசந்தப்பிரிய அரசர் பெயர். அவர் மகன் என்று சொல்லிக்கொண்டு, கடைசியில் நம்ம ஆள்: கந்தசேனன், செய்வித்த தேவகுலம். மேலிடத்துக்கு வைக்க வேண்டிய ஐஸையெல்லாம் வைத்துவிட்டுத் தன் பெயரையும் சொருகிவிட்டான் பாருங்கள்!

பல்லாவரம் குகையில் இந்தச் சாமர்த்தியத்துக்கு இடமில்லை. அங்கே மத்தவிலாசன், விசித்திரசித்தன் என்று ராஜாவின் பட்டங்களாகவே உத்தரம் நெடுக ஓடும். இப்போது அது தர்கா. தினமும் ரயிலில் அந்த ஊரைத் தாண்டிப் போகிறோம்.

இது உலக வழக்கம்தான் போலிருக்கிறது. ரோம சாம்ராஜ்யத்தின் வடக்கு எல்லையில், பிரிட்டனில், 122-ல் ஹேட்ரியன் சக்ரவர்த்தி நெடுஞ்சுவர் கட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு துண்டையும் யார் கட்டியது என்று அங்கங்கே கல்லில் குறித்திருக்கிறார்கள். 'இன்ன செஞ்சூரியனின் படைப்பிரிவு'. கல் சுமந்த சிப்பாய்கள்? மூச்! வல்லத்திலும் உளி பிடித்தவன் பெயரைக் காணோம். அந்த வரியை வெட்டியதே அவன் கைதான். ஓரமாக ஒரு எழுத்தாவது கிறுக்கியிருக்கலாம்.

கீழே இன்னொரு குகை. அதைச் செய்வித்தவள் கொம்மை என்ற பெண். இங்கே ராஜாவுக்கு ஐஸ் கிடையாது. அப்பா பெயர், தன் பெயர், முடிந்தது.

திங்கட்கிழமை ரிப்போர்ட்டில் திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். திருத்தினேன். கடைசிப் பக்கம், கடைசி வரி, பொடி எழுத்தில் 'தயாரித்தவர்' என்று என் பெயர். மானேஜர் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். ராத்திரி என்னோடு உட்கார்ந்து டேபிளெல்லாம் போட்டுக் கொடுத்த ட்ரெயினிப் பையன் மட்டும் அந்த வரியை இரண்டு தடவை படித்தான்.