பிடிமண் கொடுத்த பிறகு

குதிரைக்கு முதலில் கால்தான் பிறக்கிறது. கொட்டகை நிழலில் நான்கு களிமண் குழாய்கள் நின்றுகொண்டிருந்தன. மேலே ஏறப்போகும் வயிற்றைத் தாங்கும் அளவுக்கு அவை இறுக வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் கால் பிதுங்கிவிடும். அதிகம் காயவிட்டால் ஒட்டுப் பிடிக்காது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பொழுதைப் பெரியவர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே கண்டுகொள்கிறார்.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் சாலையில் சாணார்பட்டிக்குப் போகும்போது சிறுமலை கூடவே வருகிறது. அந்தச் சாலையிலுள்ள நொச்சிஓடைப்பட்டி மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். கார்த்திகைக்கு அகல், பொங்கலுக்குப் பானை, நவராத்திரிக்குக் கொலு பொம்மை என்று அங்கே வேலை நடக்கும். நான் தேடிப் போனது அய்யனார் கோயில் புரவிகளை. சாணார்பட்டிப் பக்கத்தில் மண்பாண்டம் செய்யும் வேளார் குடும்பம் ஒன்று புரவி செய்வதாகக் கேள்விப்பட்டுத்தான் போனேன். இயற்கைக்கும் மனிதருக்கும் உள்ள உறவைக் கலைஞர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை நகரத்துக் கண்காட்சிக் கூடங்களில் நிறையப் பார்த்தாயிற்று. கலை நடப்பதே கண்மாய்க் கரையில் என்றால் அந்த உறவு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை.

"பிடிமண் வாங்காம கை வைக்க மாட்டோம் தம்பி" என்றார் அந்தக் குடும்பத்துப் பெரியவர். "சாமிக்குச் செய்யறதுன்னாலும் மண்ணு ஊரோடது."

புரவிகளைக் கோயிலுக்குத் தூக்கிப் போகும் திருவிழாவான புரவி எடுப்பை நடத்துவது என்று ஊர் கூடி முடிவு செய்ததும் ஊர்ப் பெரியவர்கள் ஊர் மண்ணில் ஒரு பிடி எடுத்து, வெற்றிலை பாக்கும் காணிக்கையும் வைத்து வேளார் கையில் கொடுக்கிறார்கள். அந்தப் பிடியை மற்ற மண்ணோடு சேர்த்து மிதித்த பிறகே குதிரைக்குக் கால் எழும்பும். குதிரையோடு காளை, நாய், பிள்ளை வரம் கேட்டவர்களுக்கு மதலை என்று நேர்த்திக்கடன் உருவங்களும் சேர்ந்துகொள்ளும். நத்தத்தைத் தாண்டிச் சிங்கம்புணரி வரைக்கும், அதற்கு அப்பாலும் இந்த வழக்கம் பரவிக் கிடக்கிறது.

வெறும் களிமண்ணில் குதிரை நிற்காது. மணலும் உமியும் கலக்க வேண்டும். சூளையில் உமி எரிந்துபோய்ச் சிறு சிறு துளைகளை விடும். கனத்த உடம்புக்குள் சூடு சீராகப் போகவும் ஆவி வெளியேறவும் அதுதான் வழி. மருமகள் கலவையை மிதித்து, கல்லும் வேரும் பொறுக்கித் தருகிறார். பெரியவர் மண் திரிகளை வளையம் வளையமாக அடுக்கி, உள்ளே ஒரு கையில் கல்லை அணைகொடுத்து, வெளியே பலகையால் தட்டுகிறார். அந்தத் தட்டலில்தான் வயிறு புடைக்கிறது. இவ்வளவு மண்ணையும் மிதிக்கும் பெண்ணின் கால்களைப் பற்றிக் கலை நூல்கள் அதிகம் பேசியதில்லை. பேச வேண்டும்.

மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே போகிறது என்று இந்தக் கலையைப் பற்றி அடிக்கடி எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். பெரியவர் தலையாட்டவில்லை. "சுட்டுட்டா அப்புறம் அது மண்ணு இல்ல, ஓடு. தண்ணி ஊத்துனாலும் திரும்பாது." அறிவியலும் அவர் பக்கம்தான். ஏறக்குறைய 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறினால் களிமண் தன் கட்டமைப்பிலேயே பிணைந்திருக்கும் நீரை இழந்துவிடுகிறது. அதன்பின் அது குழையாது. கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் பானை ஓடுகள் இத்தனை காலம் தாங்கி நம் கைக்குக் கிடைத்திருப்பது இதனால்தான். கரைக்கிற பிள்ளையார் பச்சை மண். அவருக்குத் திரும்பிப் போக வழி உண்டு. கோயில் காட்டில் நிற்கும் குதிரை மழையிலும் வெயிலிலும் வெடித்துச் சரியும், ஆனால் கண்மாய்க்குத் திரும்பாது. எடுத்தது எடுத்ததுதான். கேட்டுவிட்டு எடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

கண்காட்சிக் கூடத்து மண் படைப்பு ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. ஆங்கிலேயச் சிற்பி ஆண்டனி கோர்ம்லி 2003இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் 'ஏசியன் ஃபீல்ட்' என்ற படைப்பைச் செய்தார். சியாங்ஷான் என்ற ஊரைச் சேர்ந்த சுமார் 350 பேர், 100 டன்னுக்கும் மேற்பட்ட செம்மண்ணில், ஏறக்குறைய 2 லட்சம் சிற்றுருவங்களைப் பிடித்தார்கள். எல்லா உருவங்களும் பார்ப்பவரை நோக்கிக் கண் வைத்திருக்கும். நிலமே எழுந்து நம்மைப் பார்ப்பதைப் போன்ற படைப்பு அது. படங்களில் பார்க்கும்போதே மனத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அதோடு ஒப்பிட்டால் புரவியின் கேள்வி வேறு. இந்த மண்ணை எடுக்க யாரிடம் சம்மதம் வாங்கினாய் என்று அது வேலை தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுகிறது. நிலைத்து நிற்க வேண்டும் என்ற தவிப்பும் அதற்குக் கிடையாது. மதுரை வட்டார வேளார்களிடம் ஆய்வு செய்து 1980இல் நூல் எழுதிய ஸ்டீபன் இங்கிலிஸ், செய்வதும் சிதைவதும் இந்தக் கலையில் சேர்ந்தே நடப்பதை எடுத்துக்காட்டினார். அடுத்த திருவிழாவுக்குப் புதுக்குதிரை வந்து நிற்கும். பழையதை யாரும் செப்பனிடுவதில்லை.

கண்மாயில் மண் எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றியதும் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடிமண்ணைப் பரவலாகச் சுரண்டுகிறார்கள். ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டினால் மழைக்குப் பிறகு மாடு சிக்கும், பிள்ளைகள் முங்கிப்போவார்கள். வண்டலை அள்ளுவதால் கண்மாயில் தண்ணீர் கூடுதலாக நிற்கும் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது ஊர்ச் சம்மதத்தோடு அரசுச் சம்மதமும் வேண்டும். மண் கொள்ளை நடக்கும் காலத்தில் கட்டுப்பாடு தேவைதான். 2024இல் தமிழக அரசு விதியைத் தளர்த்தி, விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமின்றி மண் எடுக்கலாம் என்றது. நல்ல முடிவு. ஆனால் அரசிதழில் அறிவித்த நீர்நிலைகளில் மட்டுமே எடுக்க முடியும். பானைக்கு எந்தக் கண்மாய் மண்ணும் ஆகும், பதம் சரியாக இருந்தால் போதும். பிடிமண் கொடுத்த ஊரின் கண்மாய் பட்டியலில் இல்லையென்றால் குதிரைக்கு என்ன செய்வது?

மண் எடுக்க அனுமதி கேட்கும் விண்ணப்பத்தைத்தான் பெரியவர் என்னிடம் நீட்டினார். கண்மாயின் பெயரும் புல எண்ணும் கேட்கும் இடம் காலியாக இருந்தது. ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய், எங்கள் கண்மாயையும் சேருங்கள் என்று மனுக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். கொட்டகையில் மிச்சமிருந்த மண் இந்த நான்கு கால்களுக்கும் வயிற்றுக்கும் சரியாக இருக்கும். கழுத்துக்கும் தலைக்கும் மழைக்கு முன்னால் மண் வந்தாக வேண்டும்.