மனநலத்துக்குக் கொடுக்கும் காசு எங்கே போகிறது?

மனநோயோடு தெருவில் திரிவோரைப் பராமரிக்கும் அவசர சிகிச்சை மீட்பு மையங்கள், தேசிய நலவாழ்வுக் குழும நிதியில் 2018இல் தமிழகத்தின் ஐந்து மாவட்டங்களில் தொடங்கின. தேனி அவற்றில் ஒன்று. முன்மாதிரி, 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் நிறுவிய பேனியன் அமைப்பு.

மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். பணம் கரைவது வேறிடத்தில்: சடைபிடித்த தலையை மழிப்பது, புண்ணுக்குக் கட்டுப்போடுவது, மாற்றுத்துணி, இரவுக் காவல், பேசும் மொழியை வைத்துச் சொந்த ஊரைக் கண்டுபிடித்து ரயிலேற்றிக் கூட்டிப்போவது. கேரள எல்லையிலுள்ள குமுளி வழியாக இரு மாநிலத்தாரும் வந்துபோகும் தேனி மாவட்டத்தில் இந்தக் கடைசிச் செலவு லேசானதல்ல.

வீடு திரும்பியவரும் மாதாமாதம் வருசநாட்டிலிருந்தோ மேகமலையிலிருந்தோ க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கு வந்துபோக வேண்டும். பேருந்துக் காசு தட்டுப்பட்டால் மாத்திரை நிற்கும், நோய் திரும்பும். பிறந்தநாளுக்கு ஒருவேளை பிரியாணி போடுவதைவிட (அதற்கு ஆள் எப்போதும் உண்டு) இந்தப் பயணத்துக்கென மாதந்தோறும் 300 ரூபாய் கொடுப்பது மேல்.

நன்கொடைக்கு வரிச்சலுகைப் பதிவு (80ஜி) உள்ள அமைப்பென்றால் பழைய வருமான வரிமுறையில் கழிவு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. கொடுப்பவர்கள் வங்கி வழியே செலுத்தி, ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.