லீவு யாருக்கு?



காயல்பட்டினத்தில் ‘லீவு’ என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. பிற ஊர்களில் லீவு விட்டால் மக்கள் வெளியூருக்குப் புறப்படுவர். எங்கள் ஊரிலோ, வெளியூரில் இருப்பவர்கள் வீடு வந்து சேர்வதற்குப் பெயர்தான் லீவு. ‘மாப்பிள்ளை லீவில் வந்திருக்கிறார்’ என்றால், கொழும்பிலோ ஹாங்காங்கிலோ சென்னையிலோ வளைகுடாவிலோ பொருளீட்டும் ஒருவர் சில வாரங்கள் மனைவி மக்களோடு இருக்க வந்திருக்கிறார் என்று பொருள். இத்தகையோரை நம் கடற்கரை ஊர்களில் ‘சபுராளி’ என்பர். பயணத்தைக் குறிக்கும் ‘சஃபர்’ என்ற அரபுச் சொல்லோடு தமிழ் ‘ஆளி’ சேர்ந்து பிறந்த சொல் அது.

சபுராளிகளைப் பற்றி நம்மிடம் எத்தனையோ கதைகள் இருக்கின்றன. அவர்கள் லீவில் வரும்போது, வீட்டிலேயே இருப்பவர்களுக்கும் லீவு கிடைக்கிறதா என்ற கேள்வியை மட்டும் நாம் அதிகம் கேட்பதில்லை.

இது பயணத்தால் வளர்ந்த கரை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஹொர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிக்கொண்டு காயல் துறைமுகத்திற்குக் கப்பல்கள் வந்ததை எழுதினார். 1325இல் தான்ஜியரை விட்டுக் கிளம்பிய இப்னு பதூதா, 1340களில் இலங்கையிலிருந்து மஅபர் என்று அரபிகள் அழைத்த நம் கரைக்கு வந்தார். பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்படும் வரை, சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் ரயிலில் தூத்துக்குடி வந்து இங்கேதான் கப்பலேறினர். அந்தக் கடல்வழியில் சுதேசிக் கப்பலை விடுவதற்காகவே 1906இல் வ.உ.சிதம்பரனார் கம்பெனி தொடங்கினார். 2011இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே மீண்டும் பயணிகள் கப்பல் விடப்பட்டு, சில மாதங்களிலேயே நின்றுபோனது.

இந்த வரலாறு முழுவதிலும் போனவர்களின் பெயர்கள் இருக்கின்றன. இருந்தவர்களின் பெயர்கள் இல்லை. இப்னு பதூதா கண்ட நகரங்களை உலகம் அறியும். அவர் மணந்து, பின் பிரிந்து சென்ற பெண்கள் அதன்பின் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. முத்துக்குளிப்பையே எடுத்துக்கொள்வோம். 1961இல் தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் நடந்தது. கல்லின் பாரத்தில் கடலடிக்கு இறங்கியவரைப் பற்றி நாம் இன்றும் வியந்து பேசுகிறோம். ஆனால் மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். கீழிருந்து கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும் என்பதால் அவருடைய கவனம் ஒரு கணமும் சிதற முடியாது. நம் வீடுகளில் அந்தக் கயிற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பிடித்திருப்பவர்கள் பெண்கள்.

எங்கள் வாப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழும்பில் வணிகம் செய்தவர். அவருக்குப் பயணம் என்பது பிழைப்பு. பெட்டி கட்டுவதும் சுங்கச் சோதனைக்கு நிற்பதும் அதன் அடையாளங்கள். ஊர் வந்துவிட்டால் கடற்கரையில் அஸருக்குப் பின் ஒரு நடை, இஷாவுக்குப் பின் திண்ணையில் நண்பர்களோடு பேச்சு. இவ்விரண்டுமே அவருக்குப் போதுமான உல்லாசம். ‘ஊரை விட்டுப் போறதுக்குப் பேரா லீவு?’ என்பார். பயணம் வேதனையின் ஒரு பகுதி என்றும், வந்த தேவை முடிந்ததும் குடும்பத்திடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் கருத்துத் தரும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதை வாப்பாவைப் போல் வாழ்ந்து அறிந்தவர்கள் குறைவு.

மூத்த காக்கா இதற்கு நேர்மாறானவர். ஹாங்காங்கின் வேகம் அவரிடம் ஒட்டிக்கொண்டது. ஒரு நாளில் ஆறு இடங்கள் பார்க்காவிட்டால் பணம் வீணானதாக எண்ணுவார். லாத்தாவுக்குப் பயணம் என்றால் உறவினர் வீடுகள். ஒரு வீட்டை விட்டுவிட்டால் மறு லீவு வரை வருத்தம் இருக்கும். இளையவர்களுக்கு நீச்சல் குளம் உள்ள விடுதியும் நல்ல இணையத் தொடர்பும் இருந்தால் ஊர் எதுவானாலும் சரி. இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு பயண முறை இருந்தது. உம்மாவுக்கு எது பிடிக்கும் என்று மட்டும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, உம்மாவுக்கே தெரியாது. லீவு வந்தால் வீட்டில் நெய்ச்சோறும் களறிக்கறியும் மணக்கும், வட்டிலாப்பம் வேகும், விருந்தினர் வருவர், போவர். மற்ற மாதங்களில் ஒரு மடங்கு இருக்கும் வேலை, அந்நாட்களில் மூன்று மடங்காகும். ஆண்களின் லீவுதான் பெண்களின் பணிக்காலம்.

ஒருநாள் லாத்தாவின் மகள், பள்ளிப் பாடத்திற்காகப் பயணியின் தொழுகையைப் பற்றி உம்மாவிடம் கேட்டாள். எங்கள் ஊரில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, குறித்த தூரத்திற்கு மேல் பயணம் செய்பவர் ளுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். ளுஹரை அஸரோடும் மஃரிபை இஷாவோடும் சேர்த்துத் தொழலாம். சட்டத்தை உம்மா பிழையின்றிச் சொன்னார். ‘நீங்க கஸ்ர் தொழுதிருக்கீங்களா?’ என்று பேத்தி கேட்டாள். உம்மா சற்று யோசித்து, ‘இல்லையே’ என்றார். அப்போது அவருக்கு வயது 58. அவர் சென்றதெல்லாம் திருமணத்திற்குத் தூத்துக்குடி, மருத்துவத்திற்குத் திருநெல்வேலி. அவருடைய பயணங்கள் யாவும் சலுகைக்கு எட்டாத தூரங்கள். வாப்பாவோ வாழ்நாளில் எத்தனை முறை சுருக்கித் தொழுதிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை.

பயணியின் களைப்பை அறிந்து இறைவன் தந்த அருள் அச்சலுகை. அந்த அருளின் வாசலைக்கூட மிதிக்காமல் ஒரு வாழ்நாள் கழிந்துவிடும் என்பதை அந்தச் சிறுமியின் கேள்வி எங்களுக்குக் காட்டியது. அவ்வாண்டு காக்காவின் லீவில் குடும்பத்தோடு இராமேசுவரம் பக்கம் செல்வதென்று முடிவாயிற்று. வாப்பா முதலில் இசையவில்லை. ‘ஒங்க உம்மா வர்றதா இருந்தா வர்றேன்’ என்று கடைசியில் சொன்னார்.

பயணத்தை எப்படி அமைப்பது என்பதற்கு நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே வழி இருந்தது. மூவர் பயணம் சென்றால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளும்படி அபூதாவூதில் ஹதீஸ் உண்டு, காக்காவைத் தலைவராக்கினோம். நபியவர்கள் பயணம் புறப்படும்போது மனைவியரிடையே சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரை உடன் அழைத்துச் சென்றார்கள். ஒரு பயணத்தில் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். இன்னொரு பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்து மாலை தொலைந்தபோது, அதைத் தேடுவதற்காக, தண்ணீரில்லாத இடத்தில் படை முழுவதும் நின்றது. அந்தத் தாமதத்தில்தான் தயம்மும் பற்றிய வசனம் இறங்கியது. மாலையும் ஒட்டகத்தின் அடியிலேயே கிடைத்தது. பெண்கள் ஏறிய ஒட்டகங்களைப் பாட்டுப் பாடி விரைவாக ஓட்டிய அன்ஜஷாவிடம், கண்ணாடிக் கலங்களை ஏற்றியிருப்பதுபோல் மெதுவாக ஓட்டச் சொன்னதும் அதே நபியவர்கள்தாம்.

இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், நம்மில் மிக மெதுவாக நடப்பவரின் நடையே பயணத்தின் நடையாக இருக்க வேண்டும் என்பது விளங்கும். முழங்கால் வலியுள்ள உம்மாவின் நடைதான் எங்களுக்கு அளவு என்று தலைவரிடம் சொன்னோம். காக்கா தம் பட்டியலில் இருந்த பதினான்கு இடங்களை நான்காகக் குறைத்தார்.

சுபுஹுக்குப் பின் புறப்பட்டோம். தூத்துக்குடியின் உப்பளங்களைத் தாண்டி, வைப்பாறு, வேம்பார், சாயல்குடி வழியாகக் கடற்கரைச் சாலையில் சென்றோம். கீழக்கரையில் கல்லால் எழும்பிய பழைய ஜும்ஆப் பள்ளியின் தூண்களை வாப்பா நெடுநேரம் தடவிப் பார்த்தார். வள்ளல் சீதக்காதி அடங்கியிருக்கும் ஊர் அது.

ளுஹர் நேரம் வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. சாலையோரப் பள்ளிவாசல் ஒன்றில் நிறுத்தினோம். ஆண்கள் உளூச் செய்து உள்ளே சென்றோம். பெண்களுக்குத் தொழ இடமில்லை, கழிப்பறையும் இல்லை என்று வாசலிலேயே தெரிந்துவிட்டது. உம்மாவும் லாத்தாவும் பிள்ளைகளும் வண்டியிலேயே அமர்ந்திருந்தனர். அத்தெருவில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு மாமி அதைக் கண்டு வந்து, எந்த ஊர் என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர்களைத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்றார். தண்ணீர் தந்தார், பாய் விரித்தார், தேநீரும் கொடுத்தார்.

அந்த வீட்டின் பாயில்தான் உம்மா தம் வாழ்வின் முதல் கஸ்ர் தொழுகையைத் தொழுதார். பின்னர் லாத்தா எங்களிடம் சொன்னார்: இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்த உம்மா, எழாமல் அமர்ந்து, ‘இவ்வளவுதானா?’ என்று கேட்டாராம். அடுத்து அஸரின் இரண்டு ரக்அத்தையும் முடித்துவிட்டு, கண்களைத் துடைத்துக்கொண்டாராம்.

இரண்டு இரவுகள் அப்பகுதியில் தங்கினோம். உம்மா வழக்கம்போல் நான்கு மணிக்கு எழுந்தார். அறையில் அடுப்பில்லை, ஊறவைக்க மாவில்லை, எழுப்பிவிட எவருக்கும் பள்ளிக்கூடம் இல்லை. தஹஜ்ஜுதும் சுபுஹும் தொழுதுவிட்டு, விடியும் வரை கடலைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். எது பிடிக்கும் என்று தெரியாதிருந்த உம்மாவுக்கு அது பிடித்திருந்தது. மறுநாளும் அதே இடத்தில் நாற்காலியைப் போடச் சொன்னார்.

மூன்றாம் நாள் தனுஷ்கோடி சென்றோம். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பிறகு, முதியவர்களும் எளிதில் போய்வர முடிகிறது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் சுவர்கள் மணலில் நிற்கின்றன. ‘நீங்க கப்பலேறின எடம் இதுவா?’ என்று உம்மா கேட்டார். ‘இது எங்க வாப்பா ஏறின எடம். புயலுக்குப் பொறவு எங்களுக்கெல்லாம் ராமேசுவரத்துலருந்துதான் கப்பல்’ என்றார் வாப்பா. 1980களின் நடுவில் நின்றுபோன தலைமன்னார்க் கப்பலில் முதன்முறை ஏறியபோது தமக்கு ஏற்பட்ட குமட்டலையும், கரை மறையும் வரை அழுததையும், பக்கத்தில் இருந்தவர் பிஸ்கட் கொடுத்துத் தேற்றியதையும் சொல்லிக்கொண்டே போனார். அக்கதையை நாங்கள் அன்றுதான் கேட்டோம். உம்மாவும் அன்றுதான் கேட்டார். ஊரில் இருந்தபோதெல்லாம் ஒருவர் திண்ணையிலும் மற்றவர் அடுப்படியிலும் இருந்தனர். ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு அருகருகே அமர அவர்களுக்கு அதுவரை வாய்ப்பே அமையவில்லை.

அன்று முதல் எங்கள் வீட்டில் லீவு அமையும் முறை மாறியிருக்கிறது. யார் எங்கே போக விரும்புகிறார் என்பதற்கு முன், யார் நீண்ட நாட்களாக வீட்டை விட்டு நகரவில்லை என்று கேட்கிறோம். ஒரு நாளுக்கு ஓர் இடம்தான். ஊரில் இருக்கும் நாட்களில் விருந்து உண்டு. அடுப்படியில் ஆண்களும் நிற்கிறோம். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்து, தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களே அறிவித்திருக்கிறார்கள்.

செலவு ஒரு தடையாக வேண்டியதில்லை. பேருந்திலேயே சென்று திரும்பக்கூடிய தொலைவில் கொற்கை இருக்கிறது. பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த ஊர், தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் கடல் விலகி, இன்று உள்நாட்டுச் சிற்றூராகிவிட்டது. அதன்பின் பழையகாயல் துறைமுகமாகி, அதையும் கடல் கைவிட்டது. பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று இறைமறை பலமுறை அழைப்பதன் பொருளைப் பிள்ளைகளுக்கு விளக்க அரை நாள் போதும். இச்சிறு பயணங்களில் கஸ்ர் இல்லை, ஓய்வு உண்டு.

ஜமாஅத்துகளிடமும் ஒரு வேண்டுகோள். நெடுஞ்சாலையோரப் பள்ளிவாசல்களில் பயணம் செய்யும் பெண்களுக்கென்று ஓர் அறை, ஒரு குழாய், ஒரு கழிப்பறை அமைத்துக் கொடுங்கள். முன்பின் அறியாத ஒரு மாமி தம் வீட்டில் செய்ததை ஓர் ஊர் சேர்ந்து செய்வது கடினமன்று.

இன்ஷா அல்லாஹ், அடுத்த லீவில் உங்கள் வீட்டுச் சபுராளி வரும்போது, இவ்வளவு காலம் கயிற்றைப் பிடித்திருந்தவரின் கையைச் சிறிது நேரம் ஓய்வெடுக்க விடுங்கள். பயணத்தில் இருப்போரையும், அவர்களுக்காக வீட்டில் காத்திருப்போரையும் வல்ல அல்லாஹ் தன் பாதுகாப்பில் வைத்தருள்வானாக. ஆமீன்.