கன்று அசையாமல் நின்றது

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில் காளைக்கன்றுகளுக்கு நான் காயடித்தது பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி போடாமல்தான். பையில் லிக்னோகெயின் இருக்கும். போட்டால் சில நிமிடம் காத்திருக்க வேண்டும்; அதற்குள் அடுத்த தோட்டத்திலிருந்து ஆள் வந்துவிடும். பர்டிசோ கிடுக்கியால் விதைக்கொடியை நசுக்கினால் ரத்தம் வராது, தோலும் கிழியாது. கன்று ஒரு உதை உதைக்கும், பிறகு அசையாமல் நிற்கும். "பாத்தீங்களா, மாட்டுக்கு இதெல்லாம் ஒறைக்காது" என்று சொல்லிக் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்புவேன்.

ஒரு வீட்டு அம்மா மட்டும் அடுத்த முறை பார்த்தபோது பிடித்துக்கொண்டார். "நீங்க போனதுக்கப்பறந்தானுங்க அதுக்கு வலியே வந்துச்சு. ராத்திரியெல்லாம் காலை அகட்டிக்கிட்டு நின்னுச்சு, தவிட்டுத்தண்ணியத் தொடலீங்க." பிள்ளைபோல வளர்ப்பவர், அப்படித்தான் பேசுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற பிறகு வாசித்தபோதுதான் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்தது. பயந்த உடம்பு கார்ட்டிசால் என்னும் பதற்ற ஹார்மோனோடு, அபினைப் போல வலியை அமுக்கும் எண்டார்ஃபினையும் சுரக்கிறது. ஓட வேண்டிய நேரத்தில் நொண்டக் கூடாதல்லவா. 2014இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். ஆண் ஆராய்ச்சியாளர் பக்கத்தில் இருந்தால் எலிகள் வலியைக் குறைவாகக் காட்டின. பெண் இருந்தால் அப்படி இல்லை. ஆள்கூட வேண்டாம், ஆண் போட்டுக் கழற்றிய பனியனே போதும். அந்த வாசம் கிளப்பிய பயம்தான் வலியை அமுக்கியது. நேரம் போகப்போக அது வடிந்தும்விட்டது. பொழுதுக்கும் இதில் பங்குண்டு. சூட்டுத்தட்டில் வைத்த சுண்டெலிகள் ஒரே சூட்டுக்கு எல்லா வேளையும் ஒரேபோலத் துள்ளுவதில்லை, உடம்பின் சொந்த அபின் வேளைக்கு வேளை கூடிக்குறைகிறது என்று 1977லேயே எழுதியிருக்கிறார்கள்.

எலியில் கண்டதை மாட்டுக்கு அப்படியே ஒட்டக் கூடாதுதான். ஆனால் காயடித்தபின் கார்ட்டிசால் ஏறுவதும், லிக்னோகெயின் போட்டால் அந்த ஏற்றம் குறைவதும் கன்றுகளிலேயே அளந்து பார்த்தவை. நான் பார்த்ததெல்லாம் பகலில், என் வாசம் தொழுவத்தில் இருந்த கொஞ்ச நேரம். அறியாமை என்று தப்பிக்கவும் வழியில்லை. அந்த அம்மா சொன்ன பிறகும் ஒரு சாயங்காலம்கூடத் திரும்பிப்போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் ஊசி போட வேண்டிவரும் என்று எனக்குத் தெரியும்.

மருத்துவர் மரத்துப்போக மருந்து கொடுத்துத்தான் காயடிக்க வேண்டும் என்று 2023இல் ஒன்றிய அரசு விதி கொண்டுவந்தது. நான் வேலையில் இருந்தபோதே அது வந்திருந்தாலும், அவசரப்படுத்துகிற ஆளிடம் "பத்து நிமிஷம் இருங்க" என்று சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.